ஊருக்கெல்லாம் ஒரே கோட்டு

1

பெங்களூரில் இருந்துகொண்டு புலம்பெயர்ந்தவன் என்று சொன்னால் கோவில்பட்டியில் சிரிப்பார்கள். ராத்திரி ரயிலில் ஏறிப் படுத்தால் விடிந்ததும் வந்துவிடுகிற ஊருக்கு இவ்வளவு அலட்டலா என்பார்கள். வாஸ்தவம்தான். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. ஆனாலும் பாதி ஆயுளை இங்கே கழித்த பிறகும் கரண்ட் பில்லில் கன்னடத்தில் இருக்கிற என் பெயரை நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறேன். சட்டையை இவர்கள் அங்கி என்கிறார்கள். வந்த புதிதில் ஒரு கடைக்காரர் என்னிடம் அங்கி வேண்டுமா என்று கேட்டார். கடை இருந்த லிங்கராஜபுரத்தில் சர்ச்சுகள் அதிகம். பாதிரியார்களுக்குத் தைக்கிற கடைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டோம் என்று மரியாதையாக வெளியே வந்துவிட்டேன்.

மனைவி சாந்தி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எங்கள் மகள் காவ்யா கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. சிநேகிதிகளோடு கன்னடம், போனோடு ஆங்கிலம், எங்களோடு மட்டும் தமிழ், அதுவும் சாப்பாடு, காசு, நேரமாகும் என்கிற மூன்று விஷயங்களுக்குள். இந்தக் குறிப்பை அவள் வாசிக்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் அவளைப் பற்றியும் எழுதுகிறேன்.

நான் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் ஆக இருந்தேன். துணி, நூல், பொத்தான், ஜிப் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் தையலுக்குப் போகும். போன வருஷம் கம்பெனியை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். கூட வருகிறவர்கள் வரலாம் என்றார்கள். காவ்யாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. சாந்தி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் நின்றுகொண்டேன். ஐம்பதைத் தொடப்போகிற ஆளுக்கு இங்கே வேலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பல மாதம் கழித்து ஒரு இடம் காலி என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்கு மளிகை அனுப்புகிற ஒரு கம்பெனியின் கிடங்கு, ஹென்னூர் தாண்டி. ஸ்டோர்ஸ் மேற்பார்வை வேலை. எனக்கென்றே செய்துவைத்தது மாதிரி. கம்ப்யூட்டரில் விண்ணப்பம். பெயர், படிப்பு, அனுபவம் எல்லாம் மளமளவென்று போய்விட்டது. கடைசிக் கட்டத்தில் ஒரு போட்டோ கேட்டது. தொழில்முறை உடையில், வெளிர் நிறப் பின்னணியில், ஆறு மாதத்துக்குள் எடுத்தது. அந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். தொழில்முறை உடை என்றால் என்ன உடை?

2

ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. போட்டோ என்றால் வெள்ளைச் சட்டை. ஹால் டிக்கெட்டுக்கு வெள்ளை, ரேஷன் கார்டுக்கு வெள்ளை, பெண் வீட்டுக்கு அனுப்ப வெள்ளை. கடைசியில் மாலை போட்டு மாட்டுவதும் பெரும்பாலும் அதே வெள்ளைதான்.

எனவே பீரோவிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு, திருநீறு இட்டு, ஹாலில் சுவரோரமாக நின்றேன். காவ்யா தன் போனில் எடுத்தாள். எங்கள் வீட்டுச் சுவரும் வெள்ளை. படத்தில் சுவருக்கும் சட்டைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கழுத்துக்கு மேலே என் தலை மட்டும் தனியாக மிதந்துகொண்டிருந்தது.

“கவுன்சிலர் எலெக்‌ஷனுக்கு நிக்கிறீங்களாப்பா?” என்று கேட்டாள் காவ்யா.

விண்ணப்பம் வாங்குகிற இணையதளமும் அவள் கட்சிதான். படம் ஏற்கப்படவில்லை, மீண்டும் முயலவும் என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. மூன்று தரம் முயன்றேன். காரணம் சொல்லவில்லை. ஊர்த் தாலுகா ஆபீசில் கிளார்க்காவது நிமிர்ந்து பார்த்து ஒரு குறை சொல்வார், நாமும் அவரிடம் ஒரு வார்த்தை கெஞ்சலாம். இந்தச் சிவப்பு எழுத்திடம் என்னத்தைக் கெஞ்ச?

நீல நிற அரைக்கைச் சட்டை ஒன்று வைத்திருக்கிறேன். பாக்கெட்டின் ஓரத்தில் பேனா மை லேசாகப் பரவியிருக்கும். ஆபீசுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது அதைத்தான் போடுவேன். அதைப் போட்டு எடுக்கலாமா என்றேன். அது தினமும் போடுகிற சட்டை, தொழில்முறை இல்லை என்று காவ்யா சொல்லிவிட்டாள். தினமும் தொழிலுக்குப் போட்டுப்போனது எப்படித் தொழில்முறை இல்லாமல் போகும் என்பது எனக்கு விளங்கவில்லை. கேட்டால் பழைய ஆள் என்பாள். கேட்கவில்லை.

சாந்தி சமையலறையிலிருந்தே தீர்ப்பு சொன்னாள். “சும்னே ஏன் மண்டைய ஒடைச்சிக்கிறீங்க? எதனா ஒண்ண போட்டுக்கினு எடுங்க. மூஞ்சி அதேதானே.”

3

மூஞ்சி அதேதான். ஆனால் எனக்கு ஒரு குறுகுறுப்பு பிடித்துக்கொண்டது. இந்த ஊரில் எவர் என்ன போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார் என்று பார்க்க ஆரம்பித்தேன். வேலையில்லாதவனுக்கு வேடிக்கை பார்க்கிற வேலைதானே மிச்சம்.

பிரேசர் டவுனில் ஒரு டீக்கடைப் பக்கம் நின்று பார்த்தேன். மத்தியான வெயிலில் கோட்டும் டையும் போட்டு வியர்த்துக்கொண்டு போனவர்களில் ஒருவர் வீட்டு மனை விற்கிறவர், ஒருவர் ஓட்டல் வாசலில் கதவு திறக்கிறவர், இன்னொருவர் வக்கீல். பெரிய கம்பெனிகளின் அடையாள அட்டைப் பட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டவர்களோ செருப்பும் அரை டிரவுசருமாக நின்று டீ குடித்தார்கள். இந்த ஊரில் சம்பளம் ஏற ஏறக் கால்சட்டை குட்டையாகிறது என்று சாந்தியிடம் சொன்னேன். அப்படியானால் நீங்கள் வேட்டியிலேயே இருங்கள் என்றாள்.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். போட்டோவில் ஆளே பாதிதான். மார்புக்கு மேல் மட்டும் தெரிகிற அந்தச் சாண் அளவு துணியில் நான் உழைப்பாளி, நேர்மையானவன், இன்னும் கிழடாகவில்லை என்கிற மூன்றையும் எப்படிச் சொல்வது? ஒரு காலர் இதையெல்லாம் சொல்லுமா? தெரியவில்லை. ஆனால் இதே கேள்வி என் இளவயதில் ஒரு தடவை வந்திருக்கிறது. அப்போது பதில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

4

கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டுடியோ இருந்தது. உள்ளே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். கூடவே எலாஸ்டிக் வைத்த சிவப்பு டை. வெளியூர் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டில்தான் படம் எடுத்துக்கொள்வோம். இடுப்புக்கு மேல்தானே எடுப்பார்கள், கீழே லுங்கியோடு நின்றவர்களும் உண்டு. கோட்டில் கையை விடும்போது முந்தின ஆளின் சூடும் பவுடர் வாசனையும் இருக்கும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. படம் எடுத்து முடித்தவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டக் கூடாது. அடுத்து நிற்பவருக்குப் பின்னாலிருந்து பிடித்துக்கொடுக்க வேண்டும். அவர் முதுகைத் திருப்பிக் கையை நுழைத்துக்கொள்வார். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சரி, நல்லபடியாகக் கிடைக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவோம்.

பெங்களூர் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான், முருகேசன், அந்தோணி மூன்று பேரும் ஒரே சாயங்காலம் படம் எடுத்தோம். ஒரே ரயிலில் வந்தோம். விண்ணப்பங்களைக் கொடுத்தோம். மூன்று படத்திலும் ஒரே கோட்டு என்பது எங்கள் எவருக்கும் உறைக்கவே இல்லை. எங்களுக்கு அது கோட்டே அல்ல. பின்னால் தொங்குகிற திரை மாதிரி அதுவும் போட்டோவின் ஒரு பாகம், அவ்வளவுதான்.

மேனேஜர் மைசூர்க்காரர். மூன்று பேரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டு, மூன்று விண்ணப்பங்களையும் சீட்டு பரப்புவது மாதிரி மேஜையில் பரப்பினார். இந்தக் கோட்டு யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

முருகேசன் முந்திக்கொண்டு என்னுடையது சார் என்றான். அந்தோணி விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அவனும் என்னுடையது என்றான். மேனேஜர் என்னைப் பார்த்தார். இரண்டு பேர் உரிமை கொண்டாடிய பிறகு மூன்றாவதாக நான் என்ன சொல்வது? ஸ்டுடியோவினுடையது என்றால் இவர்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத் திரட்டி, “அது எங்க ஊரோட கோட்டு சார்” என்று சொன்னேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். மூன்று பேரையும் எடுத்துக்கொண்டார். அவர்கள் இரண்டு பேரும் கட்டிங்குக்கும் பேக்கிங்குக்கும் போனார்கள். எனக்கு ஸ்டோர்ஸ். பொதுச் சொத்தைத் தன்னுடையது என்று சொல்லாதவன்தான் அங்கே வேண்டும் என்றார். நான் அவ்வளவு பெரிய யோக்கியன் ஒன்றுமில்லை, எனக்கு முறை கடைசியாக வந்தது, அதுதான் விஷயம். முருகேசனும் அந்தோணியும் சில வருஷத்தில் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். இன்றைக்கும் போன் பண்ணினால் முருகேசன், “ஏலே, அது என் கோட்டுதாம்லே” என்பான்.

5

என் திண்டாட்டத்தைப் பார்த்துக் காவ்யாவுக்கே பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் கல்லூரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் போனை நீட்டினாள். என் பழைய படம் ஒன்றை ஏதோ ஒரு செயலியில் போட்டிருக்கிறாள். அது எனக்குக் கருஞ்சாம்பல் கோட்டு, நீல டை, பாக்கெட்டில் எட்டிப்பார்க்கிற வெள்ளைக் கைக்குட்டை எல்லாம் மாட்டிவிட்டிருந்தது. தோளை நிமிர்த்தியிருந்தது. திருநீற்றையும் காதோர நரையையும் துடைத்துவிட்டிருந்தது. நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

சாந்தி கண்ணாடி போட்டுப் பார்த்தாள். “உங்க தம்பி கணக்கா இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு” என்றாள். எனக்குத் தம்பி கிடையாது.

தளம் அந்தப் படத்தை முதல் தரமே விழுங்கிக்கொண்டது. மறுவாரம் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கம்ப்யூட்டரிலேயே முகம் பார்த்துப் பேசுவார்களாம். சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. படத்தில் கோட்டு இருக்கிறது, பீரோவில் இல்லை. எதைப் போட்டுக்கொண்டு உட்காருவது?

சிவாஜிநகருக்குப் பஸ் ஏறினேன். துணிக்கடைச் சந்தில் ஒரு பாய் கடை வாசலில் வரிசையாகக் கோட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார். எல்லாம் ஜிகினா வைத்தவை. பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாருக்குச் சார் ஷாதி, பையனுக்கா என்று விசாரித்தார். கல்யாணம் இல்லை பாய், எனக்குத்தான், வேலைக்கு என்றேன். அவர் முகம் உடனே அக்கறையாகிவிட்டது.

“எந்த ஓட்டல் சார்?”

அதற்கு மேல் அங்கே நிற்க மனம் வரவில்லை. ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைப்பானேன் என்று வெறுங்கையோடு பஸ் ஏறிவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் பயம்தான். இந்த வேலையும் போனால் அடுத்து எங்கே போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. காவ்யாவின் படிப்பை நடுவில் நிறுத்துகிற பேச்சு வந்துவிடுமோ என்று சாந்தியும் பயந்துகொண்டிருந்தாள்.

6

நேர்காணல் அன்று காவ்யா கல்லூரிக்குப் போகவில்லை. கேட்காமலே தங்கிவிட்டாள். பீரோவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், அந்த நீல அரைக்கைச் சட்டையை எடுத்து நீட்டினாள்.

“இதப் போட்டாதான்பா நீங்க ஆபீஸ் போற மாதிரி இருக்கு” என்றாள்.

முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்று மேஜை விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, கேமராவில் தெரியாதபடி தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் வந்தவர் முப்பது வயது இருக்கக்கூடிய ஒரு கன்னடக்காரர். அவரே வட்டக் கழுத்து பனியன்தான் போட்டிருந்தார். கன்னடத்தில் பேசலாமா என்று கேட்டார். என் கன்னடம் இலக்கணம் பார்த்து வராது, ஆனால் ஓடும். வேலையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்ததும் எனக்குப் பயம் தெளிந்துவிட்டது. கணக்கில் நாற்பது மூட்டை இருக்கிறது, அடுக்கில் முப்பத்தெட்டுதான் இருக்கிறது, என்ன செய்வீர்கள் என்றார். இருப்பதை எழுதுவேன், இல்லாததைத் தேடுவேன், கண்ணில் படாத சரக்குக்கு யார் சொன்னாலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே, “கோட்டு எல்லி சார்?” என்றார்.

கோட்டு எங்கே என்று கேட்கிறார். திரையில் என் படத்தைக் கொண்டுவந்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு விண்ணப்பக்காரர்களின் படம், பெயரை மறைத்து. மூன்று பேருக்கும் அதே கருஞ்சாம்பல் கோட்டு, அதே நீல டை, அதே கோணத்தில் எட்டிப்பார்க்கிற கைக்குட்டை. கண்ணில் படாத சரக்கை எழுத மாட்டேன் என்கிறீர்கள், இது யாருடைய சரக்கு என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தார்.

என் முகத்தில் விழுந்த வெளிச்சம் ஆடியது. குனிந்து பார்த்தால் காவ்யா விளக்கைப் பாதி இறக்கிவிட்டிருக்கிறாள். முகம் செத்துப்போய்விட்டது. தன்னால்தான் கெட்டது என்று நினைத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. என்னுடையதுதான், சலவைக்குப் போட்டிருக்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தில் முருகேசன் ஞாபகம் வந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மகளு ஹாக்கித்து சார்” என்றேன்.

மகள் போட்டுவிட்டது. என்னிடம் கோட்டு இல்லை, அப்பா நன்றாகத் தெரிய வேண்டும் என்று அவள் போட்டுவிட்டாள், நான் வேலைக்குப் போவது இந்தச் சட்டையில்தான் என்று சொன்னேன். சொன்ன கையோடு கோவில்பட்டிக் கோட்டுக் கதையையும் எனக்கு வந்த கன்னடத்தில் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு பின்னால் போனார். தரையில் காவ்யாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு சம்பளம், நேரம், விடுமுறை என்று பேச்சு திரும்பியது. முடிவை அப்புறம் தெரிவிப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

காவ்யா விளக்கை அணைத்தாள். தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“இந்தக் கதைய ஏன்பா என்கிட்ட சொன்னதே இல்ல?” என்றாள்.

வீட்டுக்குள்ளேயே இருக்கிற மகளுக்குச் சொல்லாத கதையை, முன்பின் தெரியாத ஒருவருக்கு அவருடைய மொழியில் சொல்லியிருக்கிறேன். அவளும் அதை அந்த மொழியில் கேட்டுத்தான் சிரித்திருக்கிறாள். அவள்தான் எங்களைவிட்டு விலகிப்போகிறாள் என்று நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கு மனசு சங்கடமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. தமிழில் ஒரு தடவை சொல்லுங்கள் என்றாள். அந்தோணி எப்படிப் பேசுவான், முருகேசன் எப்படிப் பேசுவான் என்று நடித்தே காட்டினேன். சாந்தியும் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

7

வேலை கிடைத்துவிட்டது.

சேருகிற அன்று கிடங்கில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன படம் செல்லாதாம், அவர்களேதான் எடுப்பார்களாம். கம்பெனி ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுத்தான் எடுக்க வேண்டும், ஆனால் புதியவர்களுக்கான ஜாக்கெட் இன்னும் வந்துசேரவில்லை. அதனால் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஜாக்கெட்டை வைத்திருந்தார்கள். வரிசையில் நின்ற எல்லாருக்கும் அந்த ஒன்றுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சட்டைக்காக எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. நீலச் சட்டைக்கு மேலே ஜாக்கெட்டில் கையை விட்டேன். உள்ளே முந்தின ஆளின் சூடு இருந்தது. பவுடருக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் வாசனை. நிமிர்ந்து நின்றேன். ஒரு பெண் படத்தை எடுத்துவிட்டு அடுத்தவர் என்றாள்.

பின்னால் நின்றவர் ஒடிசாப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருடைய ஊருக்கு இரண்டு ராத்திரி ரயிலில் போக வேண்டும் என்று வரிசையில் நிற்கும்போதே விரலால் காட்டிச் சைகையிலேயே சொல்லியிருந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஜாக்கெட்டைக் கழற்றி நான் மேஜை மேல் வைப்பேன் என்று எதிர்பார்த்து அவர் கையை நீட்டினார். நான் வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் போய், ஜாக்கெட்டின் தோள் இரண்டையும் பிடித்து விரித்துக் காட்டினேன். நல்லபடியாக இருக்கட்டும் என்று தமிழிலேயே சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் விழித்தார். பிறகு புரிந்துகொண்டு, முதுகைக் காட்டி இரண்டு கைகளையும் பின்னால் நீட்டினார்.